வாசகர் கேள்விகள்: பிலிப்பைன்ஸில் தேசியம் விளைந்த நிலம்

ஆசிய நாடுகளில் ஐரோப்பிய ஆட்சிக்கு எதிராக எழுந்த இயக்கங்களைப் பற்றிக் கடந்த இதழில் எழுதியபோது, பிலிப்பைன்ஸுக்கு ஒரேயொரு பந்தியை ஒதுக்கி, 1896 ஆம் ஆண்டுப் புரட்சியை மட்டும் குறிப்பிட்டிருந்தோம். அது போதாது என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களுள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சிலவற்றை எடுத்து, இவ்விதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே தந்திருக்கிறோம்.

கேள்வி: ஸ்பானியர் 1565 முதல் 1898 வரை பிலிப்பைன்ஸை ஆண்டார்கள். ஆனால் தேசிய உணர்வு கடைசி முப்பது ஆண்டுகளில்தான் தலையெடுத்தது என்று படித்தேன். அதுவரை மக்கள் சும்மா இருந்தார்களா?
உயர்தர வகுப்பு மாணவி, கிளிநொச்சி

பதில்: சும்மா இருக்கவில்லை. பொகோல் தீவில் பிரான்சிஸ்கோ தாகோஹோய் 1744 இல் தொடக்கிய கிளர்ச்சி, அவர் இறந்த பின்னரும் ஓயாமல் 1829 வரை நீடித்தது. இலோகோஸ் பகுதியில் தியேகோ சிலாங் 1762 இல் எழுந்தார். அவர் கொல்லப்பட்டதும் அவருடைய மனைவி கபிரியேலா படையை நடத்தி, 1763 இல் தூக்கிலிடப்பட்டார். ஆனால் பொகோல்காரர் எதற்காகப் போராடுகிறார் என்பதை இலோகோஸ்காரர் அறிய வழியிருக்கவில்லை. ஒரு மாகாணத்துக் கிளர்ச்சியை அடக்குவதற்கு இன்னொரு மாகாணத்து ஆட்களையே ஸ்பானியர் படையாகக் கொண்டுபோனார்கள். துன்பம் பொதுவாக இருந்தும், அதைப் பொதுத் துன்பமாகக் காண்பதற்கு வேண்டிய பாதைகளோ பத்திரிகைகளோ பொதுமொழியோ அவர்களிடம் இல்லை.

ஆட்சி நடந்த விதமும் இதற்கு ஒரு காரணம். மணிலாவை விட்டு வெளியே போனால் மக்கள் கண்ட ஒரே ஸ்பானியர் பெரும்பாலும் பங்குத்தந்தையாகவே இருந்தார். அகுஸ்தீனியர், பிரான்சிஸ்கன்கள், டொமினிக்கன்கள் முதலிய சபைத் துறவியர் ஊர்தோறும் அமர்ந்து, திருமுழுக்குப் பதிவேடு முதல் வரிப்பட்டியல், பாடசாலை, நன்னடத்தைச் சான்று வரை எல்லாவற்றையும் தம் கையில் வைத்திருந்தனர். 16 வயது முதல் 60 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் கட்டாய வேலை செய்ய வேண்டும் என்ற விதி 1884 இல்தான் 15 நாளாகக் குறைந்தது. இலங்கையில் இராசகாரியம் 1833 இலேயே ஒழிக்கப்பட்டதை நினைத்துப் பார்த்தால், அங்கே அந்தச் சுமை எவ்வளவு காலம் நீடித்தது என்பது விளங்கும்.

மாற்றம் வணிகத்தோடு வந்தது. மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டாக ஓடிய கப்பல் வாணிபம் 1815 இல் நின்றது. 1834 இல் மணிலாத் துறைமுகம் பிறநாட்டு வணிகருக்குத் திறந்துவிடப்பட்டது. சீனியும், கயிறு திரிக்க உதவும் அபகா நாரும் ஏற்றுமதியாகத் தொடங்கியதும், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்த உள்ளூர்க் குடும்பங்களிடம் பணம் சேர்ந்தது. அந்தப் பணம் பிள்ளைகளை மணிலாவுக்கும், 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்த பின்னர் ஐரோப்பாவுக்கும் படிக்க அனுப்பியது. அங்கே போன இளைஞர், தாம் ஊரில் 'இந்தியோ' என்று இழிவாக அழைக்கப்பட்டவர்கள் என்பதையும், மத்ரித் நகரின் காப்பிக் கடையில் யாரும் தம்மை அப்படி அழைக்கவில்லை என்பதையும் ஒருங்கே உணர்ந்தார்கள்.

ஆயினும் ஒரு நாளைச் சுட்டிக்காட்டச் சொன்னால், 1872 பெப்ரவரி 17 ஐத்தான் சுட்டுவேன். அதற்கு முந்திய மாதம் 20 ஆம் திகதி, மணிலாவுக்கு அருகிலுள்ள கவிதே படைக்கலச் சாலையின் தொழிலாளரும் படைவீரருமாக ஏறத்தாழ 200 பேர் கிளர்ந்தார்கள். வரியிலிருந்தும் கட்டாய வேலையிலிருந்தும் அவர்களுக்கு இருந்த விலக்கை ஆளுநர் இஸ்கியெர்தோ நீக்கியதே உடனடிக் காரணம். இரண்டே நாளில் அடங்கிப்போன இக்கிளர்ச்சியைச் சாட்டாக வைத்து, மரியானோ கோமெஸ், ஹோசே பர்கோஸ், ஹசிந்தோ சமோரா என்ற மூன்று குருமாரை ஆட்சி பிடித்தது. சபைத் துறவியர் கையிலிருந்த பங்குகளை உள்நாட்டுக் குருமாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு அவர்கள் தொடர்புபட்டிருந்ததே உண்மையான குற்றம். மணிலா மதிலுக்கு வெளியே, பெருந்திரள் பார்த்திருக்க, அவர்களை ஒருவர்பின் ஒருவராக இருக்கையில் இருத்திக் கழுத்தில் இரும்பு வளையம் பூட்டி, பின்புறத் திருகை முறுக்கிக் கொன்றார்கள். பர்கோஸின் தந்தை ஸ்பானியப் படை அதிகாரி. அவருடைய மகனுக்கே இந்தக் கதி என்றால், பணம் சேர்த்தோ படித்தோ ஸ்பானியனுக்குச் சமமாகிவிடலாம் என்ற நம்பிக்கை எவருக்கு மிஞ்சும்? பின்னாளில் தம் நாவல்களால் தேசிய உணர்வைத் தூண்டிய ஹோசே ரிசால் அப்போது பத்து வயதுச் சிறுவன். அவருடைய அண்ணன் பசியானோ, பர்கோஸின் வீட்டிலேயே தங்கிப் படித்தவர்.

கேள்வி: 1521 இல் மகெல்லனைக் கொன்ற லாப்புலாப்புவைப் பிலிப்பைன்ஸின் முதல் தேசியவாதி என்று கூறலாமா? எங்கள் பண்டார வன்னியனோடு அவரை ஒப்பிடலாமா?
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: ஒப்பிடலாம்; தேசியவாதி என்று கூற முடியாது. செபுவின் தலைவன் ஹுமபோன் திருமுழுக்குப் பெற்று, ஸ்பெயின் அனுப்பிய கடலோடியான மகெல்லனோடு உறவு கொண்டிருந்தான். லாப்புலாப்பு தலைவனாயிருந்த அயல்தீவான மக்டானையும் பணியவைக்கப் போன மகெல்லன், 1521 ஏப்ரல் 27 இல் ஆழமில்லாத கடலில் வெட்டுண்டு இறந்தான். பண்டார வன்னியன் 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதும், ஒக்டோபர் 31 இல் உங்கள் ஊருக்கு அருகே கற்சிலைமடுவில் பிரித்தானிய அதிகாரி வோன் டிரிபேர்க்கின் படையிடம் தோற்றதும் நீங்கள் அறிந்தவையே. இருவரும் தம் ஆட்சிக்குட்பட்ட மண்ணைக் காக்க நின்ற தலைவர்கள். அவர்களுக்குச் சிலை வைத்தது பின்வந்த தலைமுறையின் தேவை. அதில் தவறில்லை, ஆனால் சிலை வைத்தவர்களின் எண்ணத்தைச் சிலையில் நிற்பவர்மீது ஏற்றிவிடக் கூடாது.

கேள்வி: கட்டாரில் வேலை செய்தபோது என்னோடு இருந்த பிலிப்பினோக்களுக்குச் சந்தோஸ், ரெயேஸ், குரூஸ் என்று ஸ்பானியப் பெயர்கள் இருந்தன. ஆனால் ஒருவருக்கும் ஸ்பானிய மொழி தெரியாது. ஆங்கிலம்தான் சரளமாக வந்தது. இது எப்படி?
வாசகர், விசுவமடு

பதில்: பெயரைக் கொண்டு இரத்தத்தை அளவிட வேண்டாம். திருமுழுக்குப் பெற்றவர்கள் புனிதர் பெயர்களையும் சிலுவையைக் குறிக்கும் சொல்லையும் விருப்பப்படி சூடிக்கொண்டதால் வரிப்பட்டியல் குழம்புகிறது என்று கண்ட ஆளுநர் நர்சீசோ கிளாவேரியா, 1849 நவம்பர் 21 இல் ஒரு கட்டளை பிறப்பித்தார். குடும்பப் பெயர்களின் நீண்ட அட்டவணை ஒன்று மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டது. அதன் ஏடுகள் ஊர்களுக்குப் பங்கிடப்பட, குடும்பத் தலைவர்கள் தமக்கு வாய்த்த ஏட்டிலிருந்து ஒரு பெயரைப் பொறுக்கிக்கொண்டார்கள். அகரவரிசையில் பங்கிட்டதன் விளைவாக, அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் போன்ற ஊர்களில் இன்றும் பெரும்பாலான குடும்பப் பெயர்கள் 'ர' ஒலியிலேயே தொடங்குகின்றன. வரியும் ஊழியமும் தப்பாமல் அறவிடுவதற்காகச் செய்த வேலை இது. இருந்தும், தீவுகள் அனைத்தையும் ஒரே பதிவேட்டில் எழுதிய அந்தக் கை, தான் விரும்பாமலே ஒரு நாட்டின் குடிப்பட்டியலை எழுதிவிட்டது.

மொழியின் கதை வேறு. துறவியர் மக்களுக்கு ஸ்பானியம் கற்பிப்பதை விட, தாம் மக்களின் மொழிகளைக் கற்பதையே விரும்பினார்கள். 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சானதைப் போல, 1593 இல் மணிலாவில் தகாலொக் மொழியில் மறைநூல் அச்சானது. (இரண்டாம் பிலிப் மன்னரின் பெயரே அந்தத் தீவுகளுக்கு இடப்பட்டது. 1580 முதல் அவரே போர்த்துக்கலுக்கும் மன்னராக இருந்தார் என்பதால், மன்னார்க் கோட்டையிலிருந்த பறங்கியரும் அப்போது அவருடைய குடிகளே.) எல்லா ஊரிலும் ஸ்பானியப் பாடசாலை வேண்டும் என்ற 1863 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் துறவியர் பலர் மனமின்றியே நடைமுறைப்படுத்தினர், ஸ்பானியம் கற்றவன் கேள்வி கேட்பான் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அமெரிக்கரோ நேர்மாறாக நடந்தார்கள். 1901 இல் 'தோமஸ்' என்ற கப்பலில் ஏறத்தாழ 500 ஆசிரியர்களைக் கொண்டுவந்து இறக்கி, ஆங்கிலத்தையே பாடசாலை மொழியாக்கினார்கள். ஸ்பானியர் பெயரை விட்டுப்போனார்கள், அமெரிக்கர் பேச்சை விட்டுப்போனார்கள்.

கேள்வி: ரிசாலின் எழுத்தா, போனிபாசியோவின் கத்தியா, எது பிலிப்பினோத் தேசியத்தை உருவாக்கியது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மல்லாவி

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்கு அந்த நாட்டிலேயே இன்னும் வழக்கு முடியவில்லை. நான் இரண்டுக்கும் முன்னால் காணியை வைப்பேன்.

லகூனா மாகாணத்தின் கலம்பா ஊரில் ரிசாலின் தந்தை வைத்திருந்த நிலம் அவருடையதன்று. டொமினிக்கன் சபையின் பெரும்பண்ணையிலிருந்து குத்தகைக்கு எடுத்தது. குத்தகை ஏறிக்கொண்டே போக, பண்ணையின் எல்லைகளும் வருமானமும் பற்றி அரசு 1887 இல் விசாரித்தபோது, ஊரவர் ஒப்பமிட்ட பதிலை ரிசால் எழுதிக்கொடுத்தார். அதன் பின்னர் குத்தகை கட்ட மறுத்தவர்கள் மீது வழக்கு வந்தது. 1890, 1891 ஆம் ஆண்டுகளில் படையினர் வந்து குடியானவர்களை வெளியேற்றி, வீடுகளை அழித்தார்கள். ரிசாலின் உறவினர் பலர் நாடுகடத்தப்பட்டனர். பெர்லினில் நண்பர் மாக்சிமோ வியோலாவிடம் கடன் வாங்கி 1887 இல் 2,000 படிகள் அச்சிட்ட அவருடைய முதல் நாவல் துறவியரை எள்ளி நகையாடியது. 1891 இல் கெந்த் நகரில் வெளிவந்து அந்த மூன்று குருமாருக்குக் காணிக்கையாக்கப்பட்ட இரண்டாவது நாவலில் நகைப்பு வற்றிவிட்டது. கலம்பா இடையில் நடந்தது என்பதை மனத்திற் கொண்டு படித்தால், அந்த மாற்றத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. வெளியேற்றப்பட்டவர்களை வட போர்னியோவில் குடியமர்த்தவும் அவர் திட்டமிட்டார், ஸ்பானிய ஆளுநர் இசையவில்லை.

ரிசால் 1892 ஜூலை 3 இல் தொடங்கிய 'லிகா பிலிப்பினா' சங்கம் சீர்திருத்தத்துக்கு மேல் எதையும் கேட்கவில்லை. நான்காம் நாள் அவரைத் தெற்கே மிந்தனாவோத் தீவிலுள்ள டபித்தான் என்ற ஊருக்கு நாடுகடத்தும் கட்டளை வெளியாயிற்று. அன்றிரவே, ஜூலை 7 இல், அந்தச் சங்கத்தின் உறுப்பினரான அந்திரேஸ் போனிபாசியோவும் நண்பர்களும் மணிலாவில் கூடி 'கதிபுனான்' என்ற இரகசிய இயக்கத்தைத் தொடங்கி, தம் இரத்தத்தால் ஒப்பமிட்டார்கள். போனிபாசியோ இளமையிலேயே பெற்றோரை இழந்து, கைத்தடியும் காகித விசிறியும் செய்து விற்றுத் தம்பி தங்கைகளைக் காத்தவர். பட்டமில்லாதவர், ஆனால் படிப்பில்லாதவர் அல்லர். ரிசாலின் நாவல்களை ஆழ்ந்து படித்தவர். 1896 ஓகஸ்ட் 19 இல் இயக்கம் காட்டிக்கொடுக்கப்பட்டதும், மணிலாவுக்கு வெளியே கூடிய அவருடைய ஆட்கள் தத்தம் தலைவரிச் சீட்டுகளைக் கிழித்தெறிந்து போரைத் தொடங்கினர்.

ரிசால் இதற்கு உடன்படவில்லை. ஆயுதமில்லாமல் எழுவது அழிவு என்று தம்மிடம் வந்த தூதரிடம் சொன்னார். சிறையிலிருந்தபோது கிளர்ச்சியைக் கண்டித்து அறிக்கையும் எழுதினார். ஸ்பானியர் அதைப் பொருட்படுத்தாமல் டிசெம்பர் 30 இல் அவரைச் சுட்டுக் கொன்றதன் மூலம், அவர் மறுத்த புரட்சிக்கு அவரையே தலைமகனாக்கிவிட்டார்கள்.

நான் எழுத்துக்கும் கத்திக்கும் இடையில் வைக்க விரும்புவது தெஹேரோஸ் கூட்டத்தை. 1897 மார்ச் 22 இல் கவிதே மாகாணத்தில் கூடிய புரட்சியாளர் எமிலியோ அகினால்டோவைத் தலைவராகத் தெரிவு செய்தனர். போனிபாசியோவுக்கு உள்நாட்டுத் துறை கிடைத்தது. உடனே தானியேல் திரோனா என்பவர் எழுந்து, அந்தப் பதவிக்குச் சட்டம் படித்த ஒருவர் வேண்டும் என்றார். போனிபாசியோ துப்பாக்கியை உருவினார்; கூட்டத்தின் முடிவுகள் செல்லா என்று அறிவித்துவிட்டு வெளியேறினார். மே 10 இல், அகினால்டோவின் அரசு அமைத்த இராணுவ நீதிமன்றின் தீர்ப்புப்படி, மரகொந்தோன் மலைப்பக்கத்தில் அவர் கொல்லப்பட்டார். 'நீ படிக்காதவன்' என்று துறவியர் முந்நூறு ஆண்டு சொன்னதையே நிலமுள்ள புரட்சியாளரும் சொன்னார்கள். அந்தத் தேசியத்தின் பின்னாளைய பலவீனங்கள் பலவற்றுக்கும் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: கத்தோலிக்கராகவே இருந்துகொண்டு திருச்சபையின் துறவியரை அவர்கள் எதிர்த்தது எவ்வாறு?
அருட்சகோதரி, மடு

பதில்: எதிர்ப்பதற்கான சொற்களைத் திருச்சபையே அவர்களுக்குக் கொடுத்திருந்தது, சகோதரி. தவக்காலத்தில் நம் கத்தோலிக்க ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கப்படுவதை நீங்கள் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். பிலிப்பைன்ஸின் சிற்றூர்களில் அதேபோன்று இயேசுவின் பாடுகளை 'பசியோன்' என்ற நெடும்பாடலாக இரவு பகலாகப் பாடும் வழக்கம் உண்டு. ஏழைத் தச்சன் மகன் ஒருவன் அதிகாரத்தின் முன் நிறுத்தப்பட்டு, அடிக்கப்பட்டு, கொல்லப்பட்டு, உயிர்த்தெழும் கதையை ஆண்டுதோறும் பாடிய குடியானவருக்கு, துன்பத்தின் வழியாகவே விடுதலை வரும் என்பது புதிய செய்தியன்று. கதிபுனானின் மொழி அவர்களுக்கு உடனே விளங்கியதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்று வரலாற்றாய்வாளர் ரெய்னால்டோ இலேட்டோ வாதிட்டிருக்கிறார். எனக்கு அது ஏற்புடையதாகவே தோன்றுகிறது. போனிபாசியோவும் தோழர்களும் 1895 இல் பெரிய வெள்ளியன்று மொந்தல்பான் மலைக்குகையொன்றுக்குப் போய், அதன் சுவரில் 'பிலிப்பைன்ஸின் சுதந்திரம் வாழ்க' என்று எழுதினார்கள். அந்த நாளைத் தற்செயலாகத் தெரிந்தெடுத்திருப்பார்கள் என்று நினைக்க முடியவில்லை.

அதற்கும் முன்னர், இனம் காரணமாகத் துறவற சபையில் சேர்த்துக்கொள்ளப்படாத அப்போலினாரியோ தெ லா குரூஸ் என்ற இளைஞர் தம் இனத்தவருக்கென்று ஒரு பக்திச் சங்கம் அமைத்ததற்காக 1841 இல் கொல்லப்பட்டார். உள்நாட்டுக் குருமாருக்கு உரிமை வேண்டும் என்ற வழக்கு கடைசியில் 1902 இல், கிரெகோரியோ அக்லிபாய் தலைமையில் ரோமிலிருந்து பிரிந்த சுதந்திரத் திருச்சபையாக முடிந்தது. பெரும்பாலானோர் ரோமோடுதான் நின்றார்கள். அவர்கள் வெறுத்தது மறையை அன்று. அந்த மறையை வைத்துக் குத்தகை வாங்கியவர்களை.

கேள்வி: அமெரிக்கர் வந்த பின்னராவது துறவியரின் காணி உழுதவனுக்குக் கிடைத்ததா? சுதந்திர தினத்தை ஏன் மாற்றினார்கள்?
விவசாயி, துணுக்காய்

பதில்: இரண்டாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகினால்டோ 1898 ஜூன் 12 இல் கவித் நகரில் சுதந்திரம் பிரகடனம் செய்தார். அதே ஆண்டு டிசெம்பரில் ஸ்பெயின், தோற்ற கையோடு, தீவுகளை 2 கோடி டொலருக்கு அமெரிக்காவுக்கு ஒப்படைத்தது. 1899 பெப்ரவரி 4 இல் மூண்ட போரில் அமெரிக்கா வென்றது. பின்னர் அமெரிக்கா சுதந்திரம் கொடுத்த 1946 ஜூலை 4 கொண்டாடப்பட்டு வந்தது. 1962 இல் ஜனாதிபதி மக்கபகால் அதை ஜூன் 12 ஆக மாற்றினார்.

காணி கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். அமெரிக்க ஆட்சி 1903 இல் ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கர் துறவியர் நிலத்தை 70 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. குத்தகைக்காரருக்குத் தவணை முறையில் விற்பதே நோக்கம். விலையையும் வட்டியையும் கட்ட இயலாதவர்கள் கையிலிருந்து, கட்ட இயன்றவர்கள் கைக்கு நிலம் போயிற்று. மிந்தோரோத் தீவிலிருந்த பெரும்பண்ணை ஒன்று அமெரிக்கச் சீனி முதலாளிகளிடமே போய்ச் சேர்ந்தது. 1907 இல் திறந்த சட்டசபையில் வாக்குரிமை சொத்தோ எழுத்தறிவோ உள்ளவருக்கே இருந்ததால், அங்கே உட்கார்ந்தவர்களும் நிலமுடையோர். அவர்கள் மேடையில் உடனடிச் சுதந்திரம் கேட்டார்கள். ஆனால் 1909 முதல் தம் சீனி அமெரிக்காவுக்குள் தீர்வையின்றிப் போவதை இழக்கவும் விரும்பவில்லை. இந்த இரட்டை மனத்தோடுதான் சுதந்திரத்துக்கு வாக்குறுதி தந்த 1916, 1934 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டங்களையும், 'பொதுநலவாயம்' என்ற பெயரில் 1935 இல் அமைந்த தன்னாட்சி அரசையும் மனுவெல் கேசோன் போன்றவர்கள் பேசிப் பேசிப் பெற்றனர். திறமையான பேச்சுத்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே 1935 மே மாதத்தில், உடனடிச் சுதந்திரமும் நிலமும் கேட்டு மணிலாவைச் சூழ்ந்த ஊர்களில் எழுந்த சக்தால் இயக்கக் குடியானவரைக் காவற்படை சுட்டது. யப்பானியருக்கு எதிராக 1942 இல் ஆயுதமேந்திய மத்திய லூசோன் விவசாயிகள், போர் முடிந்ததும் அதே நிலக்கிழாருக்குக் கீழே திரும்பிப்போக மறுத்து, சுதந்திர அரசோடு பொருத நேர்ந்தது. 1946 இல் சுதந்திரத்தோடு கூடவே வந்த வணிக உடன்படிக்கை, நாட்டின் இயற்கை வளங்களில் அமெரிக்கருக்குச் சம உரிமை கொடுத்தது. அதற்காக அரசியலமைப்பையே திருத்தினார்கள்.

கேள்வி: தென்பகுதி முஸ்லிம்கள் இந்தத் தேசியத்தில் எங்கே நிற்கிறார்கள்?
வாசகர், முல்லைத்தீவு

பதில்: பெரும்பாலும் வெளியே. ஸ்பானியர் வருமுன்னரே தெற்கே சூலுத் தீவுகளிலும், மிந்தனாவோத் தீவின் மகிந்தனாவோ பகுதியிலும் சுல்தான்களின் ஆட்சி இருந்தது. ஸ்பானியர் சூலுவின் ஹோலோ நகரை 1876 இல் பிடித்தபோதும் உள்நாட்டை முழுமையாக ஆள முடியவில்லை. பொதுத் திருமுழுக்குப் பதிவேடு, பசியோன், கிளாவேரியாவின் பெயரட்டவணை என்று வடபகுதி மக்களை ஒன்றாக்கிய எதுவும் இவர்களைத் தொடவில்லை. அமெரிக்கர் 1899 இல் சூலு சுல்தானோடு உடன்படிக்கை செய்து, வடக்கே போர் ஓய்ந்ததும் 1904 இல் தாமாகவே அதை முறித்துக்கொண்டனர். 1906 மார்ச்சில் புட் தாஹோ எரிமலை வாயில் ஒதுங்கியிருந்த நூற்றுக்கணக்கானோரை, பெண்களும் பிள்ளைகளும் உட்பட, கொன்று குவித்தனர்.

1935 இல், சுதந்திரம் நெருங்குகிறது என்று அறிந்த லனாவோ பகுதித் தலைவர்கள், தம் நிலத்தைப் புதிய நாட்டோடு சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க ஜனாதிபதிக்கு எழுதினார்கள்; அது கேட்கப்படவில்லை. 1913 முதலே அரசின் விவசாயக் குடியேற்றங்கள் வடக்கிலிருந்தும் நடுத்தீவுகளிலிருந்தும் கத்தோலிக்கக் குடும்பங்களை மிந்தனாவோவுக்குக் கொண்டுவந்திருந்தன. சுதந்திர அரசு அதை மேலும் விரைவாக்கியது. கலம்பாவில் காணி இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காணி கொடுக்க வழி தேடிய அரசு, வடக்கிலுள்ள நிலக்கிழாரைத் தொடுவதை விடத் தெற்கைத் திறந்துவிடுவதே எளிது என்று கண்டது. பெரும்பான்மையாக இருந்த பல மாவட்டங்களில் முஸ்லிம்கள் சிறுபான்மையானார்கள். முஸ்லிம் இயக்கங்களுக்கும் அரசுக்கும் இடையே 1970களில் தொடங்கிய போர், 1976, 1996, 2014 என்று உடன்படிக்கைகள் பலவற்றைக் கடந்து, 2019 இல் பங்சமோரோ தன்னாட்சிப் பகுதியாக ஒரு வடிவம் பெற்றது. அதற்காக நடத்தப்பட்ட வாக்கெடுப்பில் சூலு மாகாண மக்களில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றே வாக்களித்திருந்தனர். சூலு அதில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2024 இல் தீர்ப்பளித்தது.